பையில் பலாச்சுளை, மலையில் கரடி

எங்கள் பக்கம் வைகாசி மாதத்தில் யாரும் வெறுங்கையோடு ஊரை விட்டுப் போய்விட முடியாது. கீரமங்கலத்துக்கும் வடகாட்டுக்கும் இடையில் எந்த வீட்டுக்கு வந்தாலும் திரும்பும்போது ஒரு பலாப்பழம் கூடவே வரும். பெண் பார்க்க வந்தவர்கள் சரிப்படாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாலும், அவர்கள் கார் டிக்கியில் ஒரு பழத்தை ஏற்றித்தான் அனுப்புவோம். எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கே முழுப் பழம் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தவள் நான். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை விடுங்கள்.

இதைச் சொல்லாமல் கரடிக்கு வர முடியாது. அதனால்தான் முதலில் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை என்பதால், லீவு கிடைத்தால், கூட வேலை பார்க்கிறவர்களோடு சேர்ந்து மலை ஏறப் போய்விடுவாள். நமக்குத் தெரிந்த மலை ஏற்றமெல்லாம் பழனியும் பிரான்மலையும்தான். அங்கே மேலே சாமி இருக்கிறது, ஏறினால் ஒரு கும்பிடு போடலாம். இவள் ஏறுகிற மலையில் ஒரு விபூதித் தட்டு கூடக் கிடையாது.

"அப்ப மேல என்னதான்டி இருக்கு?"

"காத்தும்மா. நல்ல காத்து."

"அந்தக் காத்து நம்ம தோப்புல அடிக்கலையாக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, போன தடவை போனபோது எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மரம், பாறை, ஓடை, மறுபடியும் பாறை. நடுவில் ஈர மண்ணில் பதிந்த ஒரு காலடி. மனுசன் பாதம் போலவே இருந்தது, ஆனால் அகலமாக, விரல் நுனியில் நகத்தோடு.

"இது யாரு காலு?"

"கரடிம்மா" என்றாள், ஏதோ எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது மாதிரி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வீட்டில் கரடி பேச்சுத்தான். அவள் என்னென்னவோ சொன்னாள். கூட்டமாகப் போகிறோம், முன்னால் வழிகாட்டி போவார், கரடி மனுசரைத் தேடி வருவதில்லை, சத்தம் கேட்டால் அதுவே ஒதுங்கிப் போய்விடும் என்று. "ஆமா, ஒனக்கு எல்லாம் தெரியும். கரடி ஒங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சு" என்று நானும் விடவில்லை. என் வீட்டுக்காரர் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார். அவர் துபாயில் பல வருசம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வெயிலில் வாயை மூடிக்கொண்டே வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பேச்சை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

மறுநாள் காலை கிளம்பினாள். இந்தத் தடவை தேனிப் பக்கம் ஒரு மலை. மேலே ஒரு நாள் தங்கி மறுநாள் இறங்க வேண்டும். புதுக்கோட்டை போய் மதுரை பஸ் பிடித்து, அங்கிருந்து மற்றவர்களோடு வேன். பையை அவள் கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! பேஸ்ட் ட்யூபைக்கூடக் கையில் வைத்து எடை பார்க்கிறாள். முறுக்கு வேண்டாம், இட்லிப் பொடி வேண்டாம், எலுமிச்சை ஊறுகாய் வேண்டவே வேண்டாம். "எல்லாத்தையும் நான்தாம்மா முதுகுல தூக்கிட்டு ஏறணும்" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். அவள் குளிக்கப் போனதும், முந்தின நாள் அரிந்து வைத்திருந்த சுளைகளைப் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றில் அமுக்கி அமுக்கி நிரப்பி, பையின் அடியில் துணிக்குக் கீழே சொருகிவிட்டேன். பெத்த பிள்ளை சீசன் நேரத்தில் வந்துவிட்டு ஒரு சுளை கூட இல்லாமல் போவதா? ஊரே காறித் துப்பாதா?

வாசல்பக்கம் நின்ற வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "அதான் வேணாம்னுச்சுல்ல" என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

இருந்துவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் போனில் மகள் அனுப்பிய சேதி இருந்தது. மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார்களாம், ஏறப் போகிறார்களாம், மேலே டவர் கிடைக்காதாம், பயப்பட வேண்டாமாம். அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி அந்தப் பக்கத்து வனத்துறை ஆபீஸ் நம்பர் ஒன்றும் கூடவே இருந்தது. டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் பார்க்கவில்லை போல, மேலே போய்ப் பசிக்கும்போது பார்த்தால் சந்தோசப்படுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே உற்சாகமாக, எங்கள் தோப்புப் பழங்களுக்கு என்ன விலை போகிறது என்று கேட்க கமிஷன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எனக்குத் தம்பி வயசு. அவர் அனுப்புகிற பழ லோடுகள் தேனி, கம்பம் வரைக்கும் போகும். பேச்சுவாக்கில் மகள் அங்கிட்டு மலைக்குப் போயிருக்கிறாள் என்றும், பையில் சுளை போட்டு அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பீடியைக் கீழே போட்டார். "அக்கா! நெசமாவா? அந்த மலையடிவாரத்துல தோப்பு வச்சிருக்கவங்க பலாவைப் பழுக்கவே விடமாட்டாங்க, காயாவே வெட்டிருவாங்க. பழுத்துச்சுன்னா வாசனையைப் புடிச்சுக்கிட்டே கரடி வந்துரும். மரத்துல ஏறி உரிச்சுத் தின்னுட்டுத்தான் போகும். கரடிக்குப் பலாப்பழம்னா உசுருக்கா!"

என்னென்ன விலை சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகளுக்குச் சின்னதிலிருந்து ஒரு பழக்கம், எங்கே போனாலும் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பாள். டெண்ட்டுக்குள் அவள் தூங்குகிறாள், தலைக்குக் கீழே பை, பைக்குள் சுளை, வெளியே அது மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இது ஒன்றுதான் கண்ணுக்குள் ஓடியது. பெத்தவளே கரடிக்கு விருந்து வைத்து, பிள்ளையையும் கூட அனுப்பி வைத்திருக்கிறேனே! கடை வாசலிலேயே நின்று போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பொம்பளை பதமாகச் சொன்னாள். மறுபடி போட்டேன், மறுபடியும் அதே பதம். "ஒனக்கென்னடி, நீ பாட்டுக்குச் சொல்லுவ" என்று அவளையும் திட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்குப் போனால் மனுசன் பின்பக்கம் பலாமரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்கால லோடுக்குப் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். காம்பில் கயிற்றைக் கட்டி, மறுகையால் அறுத்து, மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று நடந்ததை எல்லாம் கத்தினேன். அவர் கயிற்றை விடாமல் முழுசும் கேட்டார். பழம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கரடி அது பாட்டுக்கு இருக்கும். இம்புட்டுப் பேர் போயிருக்காங்கல்ல."

"பிள்ளை கரடி வாயில இருக்கு, நீங்க நிதானமாக் கயிறு விடுறீங்களா? மனுசன்தானா நீங்க?"

"நம்பர் குடுத்திருக்குல்ல. பண்ணிக் கேளு" என்றார், அடுத்த கிளைக்குக் காலை மாற்றிக்கொண்டே.

அந்த ஆத்திரத்திலேயே நம்பரைப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். வனத்துறை அதிகாரியாம், ரேஞ்சராம். குரலைக் கேட்டாலே வேலை தலைக்கு மேல் கிடக்கிற ஆள் என்று தெரிந்தது. நான் மூச்சு விடாமல், மகள், மலை, கரடி, டெண்ட்டு என்று கொட்டினேன். பலாப்பழத்தை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

"இங்க பாருங்கம்மா" என்றார் அவர். "கரடி தேடி வந்து ஆளை அடிக்கிறது ரொம்ப அபூர்வம். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, காதும் அவ்வளவு கூர்மை கிடையாது. கறையான் புத்துக்குள்ள மூஞ்சிய விட்டு உறிஞ்சிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல சத்தமில்லாம ஒரு ஆள் கிட்டக்கப் போயிட்டா, திடுக்குன்னு பயந்து திரும்பி அடிச்சிரும். அடிச்சா மோசமாத்தான் அடிக்கும், நான் மறைக்கல. ஆனா யாரை அடிக்குது தெரியுமா? விடியக்காலையில தனியா வெறகுக்குப் போறவங்க, தேன் எடுக்கப் போறவங்க, இருட்டுற நேரத்துல தோட்டத்துல இருந்து நடந்து வர்றவங்க. இவ்வளவு பேரு பேசிக்கிட்டே கும்பலா ஏறுற எடத்துல அது நிக்கவே நிக்காது. நான் இந்த ரேஞ்சுக்கு வந்ததுல இருந்து மலையேற வந்தவங்க மேல கரடி கை வெச்சதில்ல."

"அப்ப ஒண்ணும் ஆகாதா மேடம்?"

"ஆகாதுன்னு சாமி மாதிரி நான் எப்படிம்மா சொல்றது? கால் வழுக்கும், கணுக்கால் பிசகும், தண்ணி குடிக்காம மயங்கி விழுவாங்க. எங்களைத் தூங்க விடாம பண்றது அதுதான். இவங்க வந்த வேன் மலை ரோட்டுல திரும்புறதைப் பாத்தா எனக்குக் கரடியை விட அந்த டிரைவரைக் கண்டாத்தான் பயம். உங்க பொண்ணு வேன்ல போறப்ப நீங்க பயந்தீங்களா?"

பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், ஜன்னலோரம் உட்காராதே, வாந்தி வரும் என்பதோடு என் புத்திமதி முடிந்துபோயிருந்தது. ஆனாலும் எனக்குக் குறுகுறுப்பு தீரவில்லை. மெல்ல இழுத்து, "அதுக்கில்ல மேடம், பையில கொஞ்சம் பலாச்சுளை போட்டு விட்டிருக்கேன்" என்றேன்.

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு டப்பா. பெரிய டப்பா."

"பழுத்ததா?"

"நல்லாப் பழுத்தது மேடம். தேன் மாதிரி இருக்கும்."

"ஏம்மா! நீங்க எந்த ஊரு?"

"கீரமங்கலம் பக்கம்."

"அதானே பாத்தேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "என் நாத்தனாரை ஆலங்குடியிலதான் கட்டிக் குடுத்திருக்கு. வருசா வருசம் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல என் வீட்டுக்கும் பழம் வந்து எறங்குது. உங்க ஊர்க்காரங்களை என்னதான் செய்யிறது? கேட்டுக்கங்க, நான் சொன்னதெல்லாம் பகல்ல மலையில நடந்து போறப்பத்தான். ராத்திரி டெண்ட்டுக்குள்ள தின்பண்டத்தை வெச்சுக்கிட்டுப் படுக்கறது வேற விசயம். அது மட்டும் சரியில்ல. வாசனைக்கு வரும். சாயங்காலம் கேம்ப்புக்கு வந்து சேர்ந்ததும் வயர்லெஸ்ல சொல்லி பையைப் பாக்கச் சொல்றேன். நீங்க திரும்பத் திரும்பக் கூப்பிடாதீங்க, நானே கூப்பிடுறேன்."

கூப்பிடாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மோட்டாரைப் போட்டேன், நிறுத்த மறந்தேன். மாட்டைக் கட்டிவிட்டு மறுபடி அவிழ்த்துவிட்டேன். குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நடுநடுவில் அந்த அம்மா சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. விடியக்காலையில் விறகுக்குப் போகிற பொம்பளைக்கு முன்னால் வழிகாட்டி போவதில்லை, அவளுக்காக யாரும் வயர்லெஸ்ஸில் பேசப் போவதும் இல்லை. கரடி பயம் என்று ஒன்று இருந்தால் அது அவளுக்குத்தானே இருக்க வேண்டும்? படம் எடுக்கப் போன என் மகளுக்காக நான் இங்கே குதிக்கிறேன். இப்படி யோசித்ததில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தால் பயம் குறைந்ததா என்றால், இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அம்மா, எல்லாரும் நல்லபடியா கேம்ப்புக்கு வந்துட்டாங்க. உங்க பொண்ணு பையைக் கொட்டிப் பாத்தாச்சு. பலாப்பழம் இல்ல."

"இல்லையா?"

"டப்பாவே இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் அப்படித் தோன்றியதோ! "அய்யோ, அப்ப கரடி எடுத்துட்டுப் போயிருச்சா மேடம்?"

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்படிச் சிரிக்கிற ஆள் என்று நான் நினைக்கவே இல்லை. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார். "கரடி ஜிப்பைத் தொறந்து, டப்பாவை எடுத்துக்கிட்டு, துணியை மடிச்சு வெச்சு ஜிப்பை மூடிட்டுப் போகுமாம்மா? உங்க பொண்ணு மதுரை பஸ்ஸுலயே எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டாங்களாம். டப்பா மதுரையில தோழி வீட்டுல இருக்காம். நிம்மதியாச் சாப்பிட்டுப் படுங்க. எனக்கும் இன்னைக்கு ஒரு சிரிப்பு கெடச்சுச்சு."

போனை வைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. போன உசுரு திரும்பி வந்தது என்பார்களே, எனக்கு அது வயிற்றில்தான் தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானச் சோற்றில் ரசத்தை ஊற்றி ஒரு சட்டி தின்றேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "பழம் இல்லையாமா?" என்றார். "இல்லையாம்" என்றேன். "அதான் பஸ்ஸுலயே மணந்திருக்குமே" என்றார். இதைக் காலையிலேயே சொன்னால் என்னவாம்? கேட்டேன். "நீதான் சும்மா இருக்கச் சொன்ன" என்றார்.

மறுநாள் அந்தப் பயம் போய்விட்டதால் வீடே வெளிச்சமாக இருந்தது. இறங்கும்போது வழுக்காமல் இறங்க வேண்டும் என்ற கவலை மட்டும் ஓரத்தில் இருந்தது, ஆனால் அது தாங்கக்கூடிய கவலை. மத்தியானம் தாண்டியதும் மகளே கூப்பிட்டாள்.

"அம்மா, எறங்கிட்டோம்" என்றாள்.

"வந்துட்டியா என் ஆத்தா!" என்றேன். அவள் நேரில் வந்து கத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போனிலேயே கொட்டினாள். "ஏம்மா, பஸ்ஸுல ஏறி உக்காந்து திருமயம் தாண்டல, மொத்த பஸ்ஸும் மூக்கை உறிஞ்சுது. கண்டக்டர் நேரா எங்கிட்ட வந்து, பழம் யாருதுங்கிறாரு. எம்புட்டு மானம் போச்சு! எடுத்து நீட்டினேன், திருப்பத்தூர் வர்றதுக்குள்ள காலி. கடைசி சீட்டுல இருந்தெல்லாம் கை நீளுது. அது பத்தாதுன்னு வயர்லெஸ்ல வேற, இன்னார் பையில பலாப்பழம் இருக்கா பாருங்கன்னு. எல்லாரும் இப்ப என்னைப் பலான்னுதான் கூப்பிடுறாங்க."

"கூப்பிட்டாக் கூப்பிடட்டும். கரடியப் பாத்தியா?"

"பாத்தோம். ஓடைக்கு அங்கிட்டு, ரொம்பத் தூரத்துல. கறுப்பா முதுகு மட்டும் தெரிஞ்சுச்சு. நாங்க பேசுற சத்தம் கேட்டுச்சோ என்னவோ, திரும்பிக்கூடப் பாக்கலம்மா, குடுகுடுன்னு புதருக்குள்ள ஓடிப் போயிருச்சு. பாவமா இருந்துச்சு."

ஒரு பகல் முழுக்க என்னை இந்தப் பாடு படுத்திய கரடி, என் மகளின் வாய்ச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறது. அந்த வாய் யாரிடமிருந்து வந்தது? எனக்கு ஒரே சந்தோசம். சிரித்துக்கொண்டே போனும் கையுமாகப் பின்பக்கம் நடந்தேன்.

"அப்பா எங்கம்மா?" என்றாள்.

"எங்க இருப்பாரு? மரத்துலதான்."

பேசிக்கொண்டே மரத்தடிக்கு வந்து நின்றேன்.

"அம்மா, நீ கரடியை நெனச்சு அழுதியாமே, அந்த மேடம் சொல்லியனுப்புனாங்க. நான் மேல இருந்தப்ப கரடியை நெனைக்கவே இல்ல. அப்பாவைத்தான் நெனச்சேன். சீசன் நேரத்துல டவர் இல்லாத எடத்துக்குப் போனா எனக்கு அது ஒண்ணுதான் பயம். போன வருசம் மேலத் தோப்புக்காரர் மரத்துல இருந்து விழுந்தாருல்ல, அவருக்கு அப்பா வயசுதானேம்மா. நான் எறங்கி வந்து டவர் கெடச்சதும் முதல்ல யாரோடயும் பேசல. உன்கிட்ட இருந்து ஏதாச்சும் சேதி வந்திருக்கான்னுதான் பாத்தேன்."

மேலத் தோப்புக்காரர் சாவுக்கு நான் போயிருந்தேன். அவர் பெண்டாட்டியைக் கட்டிப் பிடித்து அழுதேன். திரும்பி வந்து சாயங்கால லோடுக்கு என்னாச்சு என்று இவரைக் கேட்டேன், இவரும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏறினார். ஒரு நாள்கூட எனக்கு இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. நேற்று இந்த மரத்துக்குக் கீழேதானே நின்று கரடி கரடி என்று கத்தினேன்? அவர் என் தலைக்கு மேல் மரத்தில் நிற்கும்போது அவரைப் பார்த்து, தேனி மலைக்காக அழுதிருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே அவர் கால் மட்டும் தெரிந்தது. பித்த வெடிப்போடு, வயசான கால். அது ஒரு கிளையில் இருந்து நழுவி அடுத்த கிளையைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எறங்குங்க."

"இன்னும் ரெண்டு காய்தான்."

"ஸ்பீக்கர்ல போடும்மா" என்றாள் மகள். போட்டுக் கையை உயர்த்திப் பிடித்தேன்.

"அப்பா, நான் மலையில இருந்து எறங்கிட்டேன். நீங்களும் எறங்குங்கப்பா. எறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் நான் வேன்ல ஏற மாட்டேன்."

எத்தனை வருசம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒன்றுக்கும் இறங்கி வந்த மனுசன் இல்லை. கொஞ்ச நேரத்தில் அரிவாள் முதலில் கயிற்றில் இறங்கியது. அப்புறம் கால், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிய இடுப்பு. கடைசிக் கிளையில் நின்று யோசித்தார், குதித்துவிடலாமா என்று. "குதிக்காதீங்க!" என்று நானும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் போனை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்து மெல்லத் தரையில் வைத்தேன். பிறகு போனைக் கையில் எடுத்து மகளிடம் சொன்னேன், "எறங்கிட்டாரு ஆத்தா. நீ வேன்ல ஏறு."